கம்ப்ரசர் ஓடவில்லை, பிடிகரம் அசையவில்லை: காற்றழுத்தப் பகுதியில் எங்கிருந்து தேடுவது?

கார்த்திகைப்பூ | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒன்டாரியோவில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டிக்கான எங்கள் அணியில் இந்த ஆண்டு நிரல் எழுதும் பொறுப்பு என்னுடையது. மார்ச் மாதத்தில் முதல் போட்டி. சென்ற ஆண்டு இந்தப் பகுதியைக் கவனித்த அண்ணன் பல்கலைக்கழகம் போய்விட்டார். கேட்க ஆளில்லாமல் இங்கே வந்திருக்கிறேன்.

ரோபாவில் ரோபோரியோ (நிரல் ஓடும் கணினி), பழைய பிடிபி மின்பகிர்வுப் பலகை, சிடிஆர்இ பிசிஎம் (கம்ப்ரசரையும் வால்வுகளையும் இயக்கும் பலகை), காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரசர் ஒன்று, 574 மில்லிலிட்டர் தொட்டி ஒன்று, இரண்டு இரட்டைச் சோலனாய்டு வால்வுகள் (இரண்டு மின்சுருள்களால் காற்றின் திசையை மாற்றுபவை) இருக்கின்றன. ஒன்று பந்தை உள்ளிழுக்கும் கைக்கு (வாய்கள் 0, 1). மற்றொன்று பிடிகரத்துக்கு (வாய்கள் 2, 3). நிரல் ஜாவாவில் இருக்கிறது.

ரோபாவை இயக்கநிலைக்குக் கொண்டுவந்தால் எதுவுமே நடப்பதில்லை. கம்ப்ரசர் ஓடவில்லை, வால்வுகளில் சத்தமும் இல்லை. ஓட்டுநர் திரையில் கேன் (பலகைகள் ஒன்றோடொன்று பேசும் கம்பி இணைப்பு) செய்தி வரவில்லை என்ற பிழை சிவப்பில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று நாட்களாக நிரலை மாற்றி மாற்றி எழுதிவிட்டேன். கம்பிகளையும் ஒருமுறை முழுவதும் கழற்றி மாட்டினோம். இப்போது எது முதலில் இருந்த கோளாறு, எது நாங்கள் உண்டாக்கியது என்றே தெரியவில்லை.

பழையமுறுக்கி | செவ்வாய், இரவு 10.15

வணக்கம் தங்கையே. கலிஃபோர்னியாவில் ஓர் அணிக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டியாக இருக்கிறேன். உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. இன்று முதல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் தேதியுடன் தாளில் எழுதுங்கள்.

கம்ப்ரசரும் இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் இறந்துபோக வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் பொதுவானது பிசிஎம். அதற்கு மின்சாரம் வருகிறதா, செய்தி வருகிறதா, நிரல் அதைத்தான் அழைக்கிறதா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன.

மின்சாரம்: பிடிபியில் பிசிஎம்முக்குப் போகும் மின்சாரத்துக்கு 20 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது. அது பாதி இறங்கி நிற்பதை எத்தனையோ ரோபாக்களில் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். இனி இறங்காது என்று தோன்றிய பிறகும் ஒருமுறை அழுத்துங்கள்.

செய்தி: மின்கலத்தைக் கழற்றிவிட்டு மஞ்சள், பச்சைக் கேன் கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். ரோபோரியோவுக்குள் 120 ஓம், பிடிபியில் 120 ஓம். இரண்டும் இணையாக இருப்பதால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பிடிபியின் முடிவுத்தடை ஜம்பர் (அந்த 120 ஓமை இணைக்கும் சிறு செருகி) அணைந்த பக்கம் இருக்கிறது.

நிரல்: வால்வுப் பொருளை உருவாக்கும் வரியில் எந்த வகைப் பலகை என்று எழுதியிருக்கிறீர்கள்? அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள்.

கார்த்திகைப்பூ | புதன், மாலை 5.20

பியூஸ் சரியாக இருக்கிறது; நீங்கள் சொன்னபடி இரண்டு முறை அழுத்தினேன். மின்தடை 61 ஓம் வந்தது.

அந்த வரியில் "ரெவ் பிஹெச்" என்று இருக்கிறது அண்ணா. வேறோர் அணியின் நிரலைப் பார்த்து எழுதினேன். கம்ப்ரசருக்கும் அப்படித்தான், அதில் "அனலாக் முறை, 90 முதல் 120 வரை" என்று இருந்ததையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இருபதுமில்லிநொடி | புதன், மாலை 5.55

அப்படியானால் நிரல் இல்லாத ஒரு பலகையோடு பேசிக்கொண்டிருக்கிறது.

2022 முதல் டபிள்யூபிஐலிப் என்ற, இந்தப் போட்டிக்கான நிரல் நூலகத்தில் பலகையின் வகையைச் சொல்லியாக வேண்டும். ரெவ் நிறுவனத்தின் நியூமேட்டிக் ஹப் என்றால் ஒன்று, சிடிஆர்இ பிசிஎம் என்றால் மற்றொன்று. இரண்டின் தொடக்க எண்ணும் வேறு: பிசிஎம் 0, ஹப் 1. எண்ணைச் சொல்லாமல் வகையை மட்டும் தந்தால் நூலகம் அந்தத் தொடக்க எண்ணையே எடுத்துக்கொள்ளும். உங்கள் நிரல் 1 என்ற வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறது. ஆள் இருப்பதோ 0 எண் வீட்டில், அதுவும் வேறு தெருவில்.

வகையைப் பிசிஎம் என்று மாற்றுங்கள். யாராவது முன்பே பலகையின் எண்ணை மாற்றியிருக்கக்கூடும். சிடிஆர்இ பலகைகளைப் பார்க்கும் பீனிக்ஸ் டியூனர் மென்பொருளில் திறந்து எண்ணைப் பாருங்கள்.

அனலாக் முறை ஹப்புக்கு உரியது. அதில்தான் அழுத்த உணரியைப் படிக்கும் அனலாக் வாய்கள் உண்டு. பிசிஎம்மில் அந்தக் கட்டளையைக் கொடுத்தால் அது சாதாரண டிஜிட்டல் முறையாகத்தான் நடக்கும். பிழை வராது, ஆனால் 90, 120 என்று நீங்கள் எழுதிய எண்களுக்கு எந்தப் பொருளும் இல்லை. நாளை யாரோ அந்த எண்ணை மாற்றி அழுத்தத்தை மாற்றியதாக நம்புவார்கள். அதனால் எடுத்துவிடுங்கள். வால்வுப் பொருளை உருவாக்கினாலே கம்ப்ரசரின் தானியங்கிக் கட்டுப்பாடு தொடங்கிவிடும். ரோபா இயக்கநிலையில் இருக்கும்போது மட்டும் ஓடும்.

கார்த்திகைப்பூ | புதன், இரவு 8.10

சிவப்புப் பிழை போய்விட்டது! பலகையின் எண் 0 தான். பொத்தானை அழுத்தினால் இரண்டு வால்வுகளுக்குமான பிசிஎம் விளக்குகள் எரிகின்றன. மூன்று நாட்களில் முதன்முறையாக ஒரு விளக்கைப் பார்த்தோம். கூடத்தில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் கம்ப்ரசர் இன்னும் ஓடவில்லை.

தண்டவாளம் | புதன், இரவு 8.30

பிசிஎம்மில் பிரஷர் சுவிட்ச் (அழுத்தம் நிறைந்ததும் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும் சுவிட்ச்) வரும் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பாருங்கள். உடனே ஓடும். சுவிட்ச்தான் கோளாறு என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழையமுறுக்கி | புதன், இரவு 8.42

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அந்தச் சுவிட்ச் அழுத்தம் குறைவாக இருக்கும்போது மூடியிருக்கும். 115 முதல் 125 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அளவில் திறக்கும். 95 அளவுக்கு இறங்கியதும் மறுபடி மூடும். முனைகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் "அழுத்தம் போதவில்லை" என்று பிசிஎம் என்றென்றும் நம்பிக்கொண்டிருக்கும். பிறகு உங்களுக்கும் வெடிப்புக்கும் நடுவே நிற்பது, அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடும் ரிலீஃப் வால்வு ஒன்றுதான். இந்த அணி தன் ரிலீஃப் வால்வை இந்தப் பருவத்தில் 125க்குச் சரிசெய்ததா என்று நம்மில் யாருக்குத் தெரியும்? சோதனைக்கு என்று போட்ட கம்பியை எடுக்க மறந்தவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அன்று யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடங்கள் இன்னும் என் நினைவை விட்டுப் போகவில்லை.

இதே விடையைக் காற்றில்லாமலே பெறலாம். தொட்டியைக் காலி செய்யுங்கள். மின்கலத்தைக் கழற்றுங்கள். பிசிஎம்மிலிருந்து அந்த இரண்டு கம்பிகளையும் எடுத்து மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்துத் தொடுங்கள். ஒலித்தால் சுவிட்சும் கம்பியும் நலம். ஒலிக்காவிட்டால் சுவிட்சின் காதுகளிலேயே (கம்பி மாட்டும் உலோக முனைகளில்) நேரடியாகத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஒலித்தால் கோளாறு கம்பியில்.

தண்டவாளம் | புதன், இரவு 8.58

ஏற்றுக்கொள்கிறேன். பள்ளி மாணவர்கள் இருக்கும் இடத்தில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மல்டிமீட்டர் முறையே சரி.

கார்த்திகைப்பூ | வியாழன், மாலை 6.05

கம்பிதான்! சுவிட்சில் ஒலித்தது, கம்பி முனையில் ஒலிக்கவில்லை. பிசிஎம் பக்கம் உறையை மிகக் குறைவாக உரித்திருந்தோம். கவ்வி செம்பைப் பிடிக்காமல் பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருந்தது. வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. 8 மில்லிமீட்டர் உரித்து மறுபடி மாட்டி, எல்லாக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தோம். இன்னும் இரண்டு கையோடு வந்துவிட்டன.

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து இயக்கினோம். கம்ப்ரசர் ஓடி, 118இல் தானாக நின்றது. வால்வுகளுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருக்குப் பின்னால் 60.

இப்போது புதிய நிலை. உள்ளிழுக்கும் கை பொத்தானை அழுத்தினால் நடுங்குகிறது. சில நேரம் வெளியே போய் நிற்கிறது, சில நேரம் உள்ளேயே நிற்கிறது. பிடிகரத்தின் வால்வில் மெல்லிய "டிக்" கேட்கிறது, விளக்கும் எரிகிறது, சிலிண்டர் மட்டும் அசையவே இல்லை. பிடிகரத்தின் நிரலும் கையின் நிரலும் ஒன்றுதான், எண்கள் மட்டுமே வேறு.

இருபதுமில்லிநொடி | வியாழன், மாலை 6.30

கை நடுங்குவதற்கு: பொத்தானைப் படிக்கும் இடத்தில் "அழுத்தியிருக்கிறதா" என்று கேட்கிறீர்களா, "இப்போதுதான் அழுத்தப்பட்டதா" என்று கேட்கிறீர்களா?

கார்த்திகைப்பூ | வியாழன், மாலை 6.41

அழுத்தியிருக்கிறதா என்று. ஆம் என்றால் ஒரு பூலியன் மாறியை (ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை வைத்திருப்பது) திருப்பிவிட்டு, அதன்படி வால்வை முன்னோக்கியோ பின்னோக்கியோ வைக்கிறேன்.

இருபதுமில்லிநொடி | வியாழன், மாலை 7.02

அந்தப் பகுதி 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓடுகிறது. நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதற்குக் காரணமே இதே பிழையில் ஒரு முழு வாரத்தைத் தொலைத்ததுதான். உங்கள் விரல் கால் நொடி அழுத்தினால் அந்த மாறி பன்னிரண்டு பதின்மூன்று முறை புரண்டுவிடும். வால்வு முன்னும் பின்னும் ஆடும், சிலிண்டருக்குள் காற்று ஒரு பக்கம் நிறைவதற்குள் மறுபக்கம் திறந்துவிடும். விரலை எடுக்கும் நொடியில் மாறி எந்தப் பக்கம் இருந்ததோ அங்கே கை நிற்கும். இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பது உங்கள் விரலுக்கே தெரியாது.

பொத்தானைப் படிக்கும் செயற்கூறுகளில் பெயரின் முடிவில் "பிரெஸ்டு" என்று வருவதைப் பயன்படுத்துங்கள். அழுத்திய ஒரு தடவைக்கு ஒரே ஒரு "ஆம்" மட்டும் தரும். மாறியை எடுத்துவிட்டு இரட்டைச் சோலனாய்டின் "டாகிள்" என்ற செயற்கூறையே அழைக்கலாம்.

கோவைவால்வு | வியாழன், இரவு 9.50 (இந்திய நேரப்படி வெள்ளி காலை)

நான் ரோபா போட்டிக்காரன் அல்லன். கோயம்புத்தூரில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக வால்வுகளோடு இருக்கிறேன். என் மகன் இந்த இழையைக் காட்டினான்.

கண்ணு, பிடிகரத்துக்கு நிரலைத் தொடாதே. வால்வின் தலையில் சிறு பொத்தான் இருக்கும், கையால் இயக்குவதற்கு. 60 பிஎஸ்ஐ இருக்கும்போது, சிலிண்டர் போகும் வழியில் யாருடைய கையும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு மெல்லிய திருப்புளியால் அதை அழுத்து. சிலிண்டர் ஓடினால் காற்று, குழாய், சிலிண்டர் எல்லாம் சரி, குறை மின்பக்கம். ஓடாவிட்டால் குறை காற்றுப் பக்கம். நாங்கள் எந்த இயந்திரத்துக்குப் போனாலும் முதல் விரல் அந்தப் பொத்தானில்தான்.

இன்னொன்று. இந்தச் சிறு வால்வுகளில் சுருள் நேரடியாக உள்ளிருக்கும் தண்டைத் தள்ளுவதில்லை. சுருள் ஒரு சின்னத் துளையைத் திறக்கும். அதன் வழியே வரும் காற்றுதான் தண்டைத் தள்ளும். ஆகவே "டிக்" கேட்டது என்பதால் வால்வு மாறியது என்று பொருளல்ல. காற்று குறைவாக இருந்தாலும் டிக் கேட்கும், தண்டு நகராது. பல சிறு வால்வுகளுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டும். உனக்கு 60 இருப்பதால் அது காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன், இருந்தாலும் தெரிந்துகொள்.

கார்த்திகைப்பூ | வெள்ளி, மாலை 5.30

ஐயா, பொத்தானை அழுத்தியதும் பிடிகரம் "படார்" என்று மூடியது! இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அப்படியானால் குறை மின்பக்கம். ஆனால் விளக்கு எரிகிறது, வாயில் 12 வோல்ட் வருவதையும் அளந்துவிட்டேன்.

இருபதுமில்லிநொடி அண்ணா, நீங்கள் சொன்னபடி மாற்றினேன். இப்போது கை நடுங்கவில்லை. அசையவும் இல்லை.

இருபதுமில்லிநொடி | வெள்ளி, மாலை 5.44

மன்னியுங்கள், நான் பாதிதான் சொன்னேன். இரட்டைச் சோலனாய்டுக்கு மூன்று நிலைகள்: முன், பின், ஆஃப். நிரல் தொடங்கும்போது அது ஆஃப் நிலையில் இருக்கிறது. ஆஃபில் இருக்கும்போது டாகிள் எதையும் செய்யாது. முன்பு உங்கள் மாறி நேரடியாக முன், பின் என்று வைத்ததால் இது வெளியே தெரியவில்லை. தொடக்கத்தில் ஒருமுறை "பின்" என்று வைத்துவிடுங்கள். பிறகு டாகிள் வேலை செய்யும்.

கோவைவால்வு | வெள்ளி, இரவு 9.20

12 வோல்ட் வருகிறது, டிக் மெலிதாகக் கேட்கிறது, தண்டு நகரவில்லை. சுருளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாயா? எங்கள் ஆலைகளில் 24 வோல்ட்தான் வழக்கம். தொழிற்சாலைப் பொருளாக வந்த வால்வு என்றால் அது 24 ஆக இருக்கலாம். 24 வோல்ட் சுருளுக்கு 12 கொடுத்தால் இழுவிசை மிகவும் குறைந்துவிடும். முனகும், மாறாது.

எழுத்து அழிந்திருந்தால் இரண்டு வால்வுகளின் சுருள் தடையையும் அளந்து ஒப்பிட்டுப் பார். ஒரே வாட் அளவுள்ள சுருள்களில் 24 வோல்ட் சுருளின் தடை 12 வோல்ட் சுருளைப் போல நான்கு மடங்கு இருக்கும். ஒரு வாட் என்றால் 144 ஓம், 576 ஓம். சில சுருள்களுக்குள் விளக்கும் டையோடும் இருக்கும். அப்போது மீட்டர் காட்டுவதை நம்ப முடியாது, எழுத்தைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

கார்த்திகைப்பூ | சனி, காலை 11.15

கை சரியாகிவிட்டது. ஒரு அழுத்தம், ஒரு அசைவு.

பிடிகரத்தின் வால்வைக் கழற்றிப் பார்த்தோம். எழுத்து சட்டத்தோடு ஒட்டிய பக்கத்தில் இருந்தது: டிசி 24 வோல்ட். தடையும் கையின் வால்வைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. டிசம்பரில் உதிரிப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினோம். வெளித்தோற்றம் அச்சாக ஒன்றே.

பிசிஎம்மில் 12, 24 என்று ஒரு ஜம்பர் இருக்கிறதே, அதை 24க்கு மாற்றிவிட்டால் போதுமா?

பழையமுறுக்கி | சனி, காலை 11.31

வேண்டாம். அந்த ஜம்பர் எட்டு வாய்களுக்கும் சேர்த்து ஒன்றுதான். 24க்கு மாற்றினால் பிடிகரம் வேலை செய்யும். நன்றாக இருக்கும் கையின் 12 வோல்ட் சுருள் இருமடங்கு மின்னழுத்தத்தில் வெந்துபோகும். ஒரு பலகையில் உள்ள எல்லாச் சுருள்களும் ஒரே வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இன்னொரு 12 வோல்ட் வால்வு கிடைக்குமா? பக்கத்து அணிகளிடம் கேளுங்கள். இந்தப் போட்டியில் உதிரிப்பாகம் கேட்டு இல்லை என்ற பதில் எனக்கு வந்ததில்லை.

கார்த்திகைப்பூ | ஞாயிறு, மாலை 4.00

இருபது நிமிடத் தொலைவில் உள்ள ஓர் அணி ஒன்றுக்கு இரண்டாகத் தந்தது. பிடிகரம் இயங்குகிறது!

இன்று ஓட்டுநர் பயிற்சியில் மட்டும் ஒரு சிக்கல். ஆறேழு முறை பிடித்து விட்ட பிறகு பிடி தளர்கிறது. ரெகுலேட்டர் மானி 60இலிருந்து 40க்கு இறங்கிவிடுகிறது. கம்ப்ரசர் விடாமல் ஓடுகிறது. சிலிண்டர் முக்கால் அங்குல விட்டம், ஆறு அங்குல ஓட்டம்.

பழையமுறுக்கி | ஞாயிறு, மாலை 5.10

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டரின் குறுக்குப் பரப்பு 0.44 சதுர அங்குலம். 60 பிஎஸ்ஐயில் தள்ளுவிசை சுமார் 26 பவுண்டு. ஒருமுறை போய்வர ஏறக்குறைய 5 கன அங்குலக் காற்று. உங்கள் தொட்டி 35 கன அங்குலம். அது 120இலிருந்து 60க்கு இறங்குவதற்குள் 60 பிஎஸ்ஐ அளவில் தருவது சுமார் 28 கன அங்குலம். ஆக, கம்ப்ரசரின் உதவி இல்லாமல் ஐந்து, ஆறு சுற்றுகள். நீங்கள் கண்டதும் அதுதான். உள்ளிழுக்கும் கையும் இதே தொட்டியிலிருந்துதான் குடிக்கிறது.

இரண்டாவது தொட்டி சேர்த்தால் போட்டி தொடங்கும்போது இருமடங்கு இருப்பு கிடைக்கும். பிடிகரம் திறக்க ஆறு அங்குலம் வேண்டுமா என்றும் யோசியுங்கள். மூன்று அங்குலச் சிலிண்டர் போதுமென்றால் செலவு பாதி.

அதற்கு முன் கசிவைப் பாருங்கள். முழு அழுத்தம் ஏற்றி, ரோபாவை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் மானியைப் பாருங்கள். இறங்கினால் ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். மின்பலகைகள் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறீர்களா?

கார்த்திகைப்பூ | ஞாயிறு, மாலை 5.18

ஆமாம்.

கோவைவால்வு | ஞாயிறு, இரவு 10.05

கத்தரிக்கோல் குழாயை நசுக்கிச் சாய்வாக வெட்டும். செருகு இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் வளையம் சாய்ந்த முனையை முழுவதும் சுற்றிப் பிடிக்காது. குழாய் வெட்டி வாங்கு, விலை அதிகமில்லை. நேர்க்கோணத்தில் வெட்டி, முட்டும் வரை தள்ளி, பிறகு ஒருமுறை பின்னோக்கி இழுத்துப் பார். திருகு மறைகளுக்கு டெஃப்லான் நாடா சுற்றும்போது முதல் இரண்டு மறையை விட்டுவிட்டுச் சுற்று. இல்லையென்றால் துணுக்கு உள்ளே போய் அந்தச் சின்னத் துளையை அடைக்கும். பிறகு "டிக் கேட்கிறது, நகரவில்லை" என்று மறுபடி இங்கேதான் வருவாய்.

வேலைக்கு முன் காற்றை முழுவதும் வெளியேற்று. இரண்டு மானியும் 0 காட்ட வேண்டும்.

கார்த்திகைப்பூ | புதன், இரவு 9.25

நான்கு கசிவுகள். மூன்று சாய்வாக வெட்டிய முனைகள், ஒன்று அழுத்த மானியின் மறை. சரிசெய்த பிறகு பத்து நிமிடத்தில் 118இலிருந்து 116க்கு மட்டும் இறங்கியது. இரண்டாவது தொட்டியும் சேர்த்தோம். ரிலீஃப் வால்வை வழிகாட்டி ஆசிரியர் முன்னிலையில் 125க்குச் சரிசெய்தோம். பழையமுறுக்கி அண்ணா சந்தேகப்பட்டது சரிதான், அது மிகவும் இறுக்கி வைக்கப்பட்டிருந்தது.

இன்று பயிற்சியில் பதினொரு முறை பிடித்தோம். ரெகுலேட்டர் மானி 60இலேயே நின்றது.

வால்வுகளின் மேல்பக்கத்தில், திறந்தால் உடனே கண்ணில் படும்படி, வோல்ட் அளவை எழுதி ஒட்டிவிட்டோம். 24 வோல்ட் வால்வு இப்போது தனிப் பெட்டியில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அடுத்த ஆண்டு என் இடத்துக்கு வருவாள். தாளில் எழுதியதை எல்லாம் அவளிடம் கொடுத்திருக்கிறேன். பிசிஎம்மில் ஜம்பர் எங்கே இருக்கிறது என்று அவளே ஒருமுறை காட்டிவிட்டாள்.

கோவை ஐயாவுக்கு ஒரு கேள்வி: போட்டி நாளில் ரோபாவை வெளியே பனியில் வண்டியிலிருந்து இறக்கிக் கொண்டுபோக வேண்டும். குளிரில் குழாய் விறைத்துவிடுகிறது. அதனால் இணைப்புகள் நெகிழுமா?

கோவைவால்வு | வியாழன், காலை 8.40 (இந்திய நேரம்)

பனியை நான் கண்டதில்லை, கண்ணு. ஆனால் விறைத்த குழாய் வளைவில் இணைப்பைப் பக்கவாட்டில் இழுக்கும், அது உறுதி. இணைப்புக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலமாவது குழாய் நேராகப் போகட்டும், வளைவு அதற்குப் பிறகு வரட்டும். உள்ளே கொண்டுபோனதும் குழாய் இளகும் வரை காத்திருந்து, காற்று ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்.